கையும் களவும்: ஷெர்மன் வழக்கின் மூன்று மாதங்கள்

1951 ஆகஸ்ட் கடைசி. ஒரு டாக்டரின் கிளினிக்கில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். இருவருமே போதைப் பழக்கத்திலிருந்து வெளியே வர அந்த டாக்டரிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள். ஒருவர் பெயர் ஷெர்மன், மற்றவர் கல்சினியன். சில நாள் கழித்து அதே கிளினிக்கில் மறுபடி பார்த்துக்கொள்கிறார்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கும் கடையிலும் பார்த்துக்கொள்கிறார்கள். முதலில் தலையாட்டல், பிறகு நலம் விசாரிப்பு, அப்புறம் பேச்சு நீள்கிறது. பழக்கத்தை விடுவது எவ்வளவு கஷ்டம், யாருக்கு எங்கே தட்டுகிறது என்பதெல்லாம் பேச்சில் வருகிறது.

ஒருநாள் கல்சினியன் கேட்கிறார்: சரக்கு கிடைக்க நல்ல இடம் ஏதாவது தெரியுமா? சிகிச்சை தனக்குப் பலிக்கவில்லை, தாங்க முடியவில்லை என்கிறார். ஷெர்மன் பேச்சை மாற்றுகிறார். கல்சினியன் மறுபடி கேட்கிறார். மறுபடியும் நழுவல். தீர்ப்பில் இந்த உரையாடல் வார்த்தைக்கு வார்த்தை இல்லை. ஆனால் குடியோ போதையோ இருக்கிற எந்த ஊரிலும் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். பலமுறை கேட்ட பிறகு, அந்த மனிதரின் அவஸ்தையைப் பார்த்து, ஷெர்மன் ஒருவழியாகச் சம்மதிக்கிறார். வாங்கி வந்து பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மொத்தம் 25 டாலர் ஆனது, உன் பங்கு 15 டாலர் என்று கணக்குச் சொல்கிறார். அந்த 15 டாலருக்குள் கல்சினியனின் பங்குச் சரக்கு, டாக்ஸிக் காசு, மற்ற சில்லறைச் செலவு எல்லாம் அடக்கம்.

இப்படிச் சில தடவை நடந்த பிறகு, கல்சினியன் அமெரிக்க அரசின் போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரிகளிடம் போய், உங்களுக்கு இன்னொரு வியாபாரி கிடைத்திருக்கிறான் என்று சொன்னார். நவம்பர் மாதம் மூன்று முறை, அரசு கொடுத்த பணத்தை கல்சினியன் ஷெர்மனிடம் கொடுத்துச் சரக்கை வாங்கினார். அதிகாரிகள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஷெர்மன் கைது. போதை மருந்து விற்ற குற்றத்துக்குப் பத்து ஆண்டு சிறை.

நம் செய்தித்தாள்களுக்கு இதற்கென்றே ஒரு சொற்றொடர் உண்டு: கையும் களவுமாகப் பிடிபட்டார். நவம்பரை மட்டும் பார்த்தால் அது முழுக்க உண்மை. பணம் கை மாறியது, சரக்கு கை மாறியது, பார்த்த சாட்சிகள் அரசு அதிகாரிகள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஆகஸ்டிலிருந்து பார்த்தால், கை யாருடையது என்பது தெரிகிறது. களவு யாருடையது என்பதுதான் குழம்புகிறது. ‘ஷெர்மன் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ வழக்கு ஆறரை வருடம் நடந்தது இந்தக் குழப்பத்தின் மேல்தான்.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு பாடம் சீக்கிரமே வந்துவிடும். சிஸ்டம் விழுந்ததும் லாக்கைத் திறப்போம். முதல் வரியில் எந்தப் புரோகிராம் பெயர் இருக்கிறதோ அதைத்தான் எல்லோரும் குற்றவாளி என்பார்கள். லாக் எழுத ஆரம்பித்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்கிறவர்தான் உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பார். ஷெர்மன் வழக்கில் அரசின் லாக் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு, மூன்று மாதங்களுக்கு அரசிடம் பதிவே இல்லை. தவறிப்போய் விட்டுப்போனதும் அல்ல. கல்சினியனை மேற்பார்த்த அதிகாரி, ஷெர்மனை நீ எப்படிப் பிடித்தாய் என்று தான் கேட்டதே இல்லை என்று சாட்சிக் கூண்டில் சொன்னார். கேட்காமல் இருப்பதுதான் வசதி.

சரி, அரசு ஏன் இப்படிப்பட்ட ஆட்களை நம்பி வேலை செய்தது? திருட்டு என்றால் பறிகொடுத்தவர் புகார் கொடுப்பார். அடிதடி என்றால் அடிபட்டவர் வருவார். போதை விற்பனையில் புகார் கொடுக்க ஆள் இல்லை. விற்பவருக்கும் சம்மதம், வாங்குபவருக்கும் சம்மதம். அந்த இருவரில் ஒருவராகப் போலீஸே வேஷம் போட்டால் ஒழிய வெளியே எதுவும் தெரியாது. 1930-இல் தொடங்கிய அந்தத் துறையை 1962 வரை நடத்தியவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். கடுமையான தண்டனைதான் மருந்து என்பது அவர் கட்சி. 1951 நவம்பர் 2-ஆம் தேதி, அதாவது ஷெர்மன் மாட்டிய அதே மாதம், பாக்ஸ் சட்டம் கையெழுத்தானது. முதல் குற்றத்துக்கு 2 முதல் 5 ஆண்டு, இரண்டாவதற்கு 5 முதல் 10, மூன்றாவதற்கு 10 முதல் 20 என்று அது குறைந்தபட்சத் தண்டனையைக் கட்டாயமாக்கியது. 1956-இல் வந்த இன்னொரு சட்டம் இதையும் தாண்டி, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு ஹெராயின் விற்றால் மரண தண்டனை வரை போகலாம் என்றது.

அந்தக் கிளினிக்கையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1914-ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் பார்வைக்கு ஒரு வரிச் சட்டம். ஆனால் 1919-இல் வெப் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைக்கு அடிமையானவர் வசதியாக இருப்பதற்காக டாக்டர் எழுதித் தரும் சீட்டு மருத்துவச் சீட்டே ஆகாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு எத்தனையோ டாக்டர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் பழக்கத்தை விட வேண்டும் என்று டாக்டரைத் தேடிப் போவதே பெரிய காரியம். அப்படிப் போய் உட்கார்ந்த இடத்தில்தான் ஷெர்மனுக்கு அடுத்த நாற்காலியில் அரசின் ஆள் உட்கார்ந்திருந்தார்.

கல்சினியனையும் வில்லன் என்று சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. 1951-இல் அவர் மேலேயே சட்டவிரோதமாகப் போதை மருந்து விற்ற வழக்கு இருந்தது. தண்டனை இன்னும் அறிவிக்கப்படவில்லை. அதற்குள் அவர் ஷெர்மனைத் தவிர இன்னும் குறைந்தது இரண்டு வழக்குகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருந்தார். 1952-இல் அவருக்குத் தண்டனை விதிக்கும் நேரம் வந்தபோது, இவர் எங்களுக்கு ஒத்துழைத்தார் என்று அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம் சொன்னார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, சிறைக்குப் போக வேண்டி வரவில்லை. அவருக்குப் பிரதிபலனாகக் கிடைத்தது தன் விடுதலைதான். ஒரு ஆளைக் கொடுத்தால் ஒரு படி மேலே ஏறலாம் என்று ஏணியைக் காட்டிவிட்டால், கீழே நிற்கிறவர் யாரை மிதித்தாவது ஏறத்தான் பார்ப்பார். ‘இன்னொரு வியாபாரி’ என்று அவர் அதிகாரிகளிடம் சொன்னதில் அந்த ‘இன்னொரு’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அதற்கு முன்னால் பிடித்துக் கொடுக்கப்பட்டவர்களின் ஆகஸ்ட் மாதங்கள் எப்படி இருந்திருக்கும்?

நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஷெர்மனின் வாதம் ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்தில் இதற்கு என்ட்ராப்மென்ட் என்று பெயர். பொறி வைத்துக் குற்றம் செய்ய வைப்பது என்று சொல்லலாம். இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் முதன்முதலில் அங்கீகாரம் கொடுத்தது மதுவிலக்குக் காலத்தில், 1932-இல், சாரெல்ஸ் வழக்கில். வட கரோலினாவில் ஒரு மதுவிலக்கு அதிகாரி சுற்றுலாப் பயணி வேஷத்தில் சாரெல்ஸ் வீட்டுக்குப் போனார். இருவரும் முதல் உலகப் போரில் ஒரே டிவிஷனில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. போர்க் கதைகள் பேசினார்கள். நடுநடுவே அதிகாரி சாராயம் கேட்டார். சாரெல்ஸ் முதலில் இல்லை என்றார். பிறகு வெளியே போய் அரை காலன் விஸ்கி கொண்டுவந்து கொடுத்து 5 டாலர் வாங்கினார். உடனே கைது. குற்றத்துக்கான எண்ணமே அரசின் மூளையில் பிறந்து, குற்றம் செய்யும் நாட்டம் இல்லாத ஒருவர் மனதில் நடப்பட்டிருந்தால், அவரைத் தண்டிப்பது சட்டமன்றத்தின் நோக்கமாக இருக்காது என்று தலைமை நீதிபதி ஹ்யூஸ் எழுதினார். அந்த வழக்கில் போர்த் தோழமை, இந்த வழக்கில் நோயாளிகளின் தோழமை. பொறியில் வைத்த இரை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஷெர்மனின் முதல் தண்டனையை 1952-இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியதில் பிழை என்பது காரணம். அந்தத் தீர்ப்பை எழுதிய லேர்னட் ஹேண்ட் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். அரசின் ஆள் தூண்டினாரா? தூண்டினார் என்றால், தூண்டல் இல்லாமலேயே இவர் செய்யத் தயாராக இருந்தவரா? முதலாவதைக் காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர், இரண்டாவதைக் காட்ட வேண்டியது அரசு. இரண்டாம் விசாரணையிலும் ஜூரி குற்றவாளி என்றது. இந்த முறை மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1958 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு: ஷெர்மனைத் தண்டித்தது செல்லாது, குற்றப்பத்திரிகையைத் தள்ளுபடி செய்யுங்கள்.

தலைமை நீதிபதி எர்ல் வாரன் செய்த முக்கியமான காரியம் கதையை ஆகஸ்டிலிருந்து தொடங்கியதுதான். நவம்பர் விற்பனைகள் தனியாக முளைத்தவை அல்ல, முதலில் செய்த தூண்டலின் தொடர்ச்சி என்றார். கல்சினியன் எப்படி ஆள் பிடித்தார் என்று எங்களுக்குத் தெரியாது என்று அரசு கை கழுவ முடியாது, இப்படி ஒருவரை ஏவிவிட்டு விட்டு அறியாமையைக் காட்டித் தப்ப முடியாது என்றார். சரி, ஷெர்மன் ஏற்கெனவே தயாராக இருந்தவர் என்பதற்கு அரசிடம் என்ன இருந்தது? 1942-இல் போதை மருந்து விற்றதற்கு ஒரு தண்டனை. 1946-இல் வைத்திருந்ததற்கு ஒரு தண்டனை. ஒன்பது வருடப் பழையது ஒன்று, ஐந்து வருடப் பழையது ஒன்று. பழக்கத்தை விட டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் 1951-இல் விற்கத் தயாராக இருந்தார் என்று காட்ட இது போதாது. கைதான பிறகு வீட்டைச் சோதனை போட்டதில் எதுவும் கிடைக்கவில்லை. லாபம் பார்த்தார் என்பதற்கும் சொல்லும்படியான ஆதாரம் இல்லை.

தீர்ப்பில் சட்டென்று கடந்துவிடக்கூடிய ஒரு வரி இருக்கிறது. நாங்கள் முரண்படும் சாட்சிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அரசுத் தரப்புச் சாட்சிகள் சொன்னதில் யாரும் மறுக்காத விஷயங்களை வைத்தே முடிவுக்கு வருகிறோம் என்கிறது நீதிமன்றம். பிரதிவாதித் தரப்பு புதிதாக ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. அரசுச் சாட்சியான கல்சினியனையே மறுபடி கூண்டில் ஏற்றியதோடு சரி. அதாவது, ஆகஸ்டில் ஷெர்மன் பேச்சை மாற்றினார், நழுவினார், பலமுறை கெஞ்சிய பிறகே ஒத்துக்கொண்டார் என்பதெல்லாம் கல்சினியன் வாயிலிருந்து வந்தது. ஷெர்மனைச் சிக்கவைத்த அதே நாக்குதான் அவரைக் காப்பாற்றியது. கல்சினியன், கேட்டதும் கொடுத்தான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. அதே 1958 மே 19 அன்று, அதே நீதிமன்றம், மாஷியாலே என்பவரின் வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. அதுவும் போதை மருந்து வழக்கு, அதுவும் இன்ஃபார்மர் வைத்துப் பிடித்தது. அங்கே இன்ஃபார்மர் அவரைப் பெரிய வியாபாரி வேஷத்தில் இருந்த அதிகாரியிடம் அறிமுகம் செய்துவைத்தார். மாஷியாலே அந்த அதிகாரியிடம் தனக்குப் பெரிய இடத்துத் தொடர்பு இருப்பதாகப் பெருமை பேசினார். இன்ஃபார்மர் தன்னை எவ்வளவு நச்சரித்தார் என்பதை மாஷியாலே தானே சாட்சி சொன்னார். அவர் சொன்னதை நம்பாமல் இருக்க ஜூரிக்கு உரிமை உண்டு என்று சொல்லி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது நீதிமன்றம். இரண்டு வழக்கும் அச்சு அசலாக ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பெருமையடித்துக்கொண்டவரும் பேச்சை மாற்றியவரும் ஒன்றல்ல. ஆனால் யாரும் எழுதிவைக்காத அந்த முதல் சில வாரங்களின் கதையை அரசுச் சாட்சி சொன்னால் அது மறுக்கப்படாத உண்மை, மாட்டியவர் சொன்னால் நம்பலாம் நம்பாமலும் போகலாம் என்றுதான் முடிகிறது. ஒருவருடைய பத்து வருடம் இப்படி ஒரு விஷயத்தில் தொங்குகிறது.

ஷெர்மன் வழக்கில் முடிவில் ஒன்பது பேரும் ஒன்று, காரணத்தில் ஐந்துக்கு நான்கு. ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் தனியாக எழுதினார். டக்ளஸ், ஹார்லன், பிரென்னன் மூவரும் அவரோடு சேர்ந்தார்கள். அவருடைய கேள்வி நேரானது: இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று ஏன் தோண்டுகிறீர்கள்? போலீஸ் செய்தது எப்படிப்பட்டது என்று பாருங்கள். சட்டமன்றத்தின் நோக்கம் என்பதெல்லாம் நாமாகக் கட்டிய கதை. எந்தப் பழைய குற்றவாளியானாலும், நாகரிகமான சமூகம் போலீஸுக்கு அனுமதிக்கக்கூடாத செயல்கள் சில உண்டு. இரக்கத்தையும் நட்பையும் தூண்டிலில் வைப்பது நல்லவருக்கு எதிராகச் செய்தால் தப்பு, பழைய குற்றவாளிக்கு எதிராகச் செய்தால் சரி என்று ஆகாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

எனக்கு ஃபிராங்க்ஃபர்ட்டர் பக்கம்தான் சாய்வு. காரணம் இது. ஷெர்மனின் பழைய தண்டனைகள் ஒன்பது வருடமும் ஐந்து வருடமும் பழையவை. அவை ஒரு வருடப் பழையவையாக இருந்திருந்தால் வாரன் என்ன எழுதியிருப்பார்? கிளினிக் அதே கிளினிக்தான். கெஞ்சல் அதே கெஞ்சல்தான். நழுவலும் அதேதான். ஆனால் ‘தயாராக இருந்தவர்’ என்று சொல்லிவிட அரசுக்குச் சுலபமாகியிருக்கும். போதைக்கு அடிமையான ஒருவரிடம் சமீபத்திய தண்டனை ஒன்று இருந்துவிட வாய்ப்பு உண்டு. அப்படிப் பார்த்தால், யாரைச் சுலபமாகச் சிக்கவைக்க முடியுமோ அவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு ரொம்பக் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. வழக்கில் ஷெர்மனுக்கு எதிராக அடுக்கப்பட்டவை எல்லாம் அவருடைய பழைய கெட்டதுகள். ஆனால் அவரைச் சிக்கவைக்கப் பயன்பட்டது அவரிடம் மிச்சமிருந்த ஒரு நல்ல குணம். பக்கத்து நாற்காலிக்காரர் துடிப்பதைப் பார்த்தும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனாலும் ஃபிராங்க்ஃபர்ட்டர் வழியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. போலீஸ் செய்ததைத்தான் பார்க்க வேண்டும் என்றாலும், அது என்ன என்று யாராவது சொல்ல வேண்டுமே. பார்க்க ஆளில்லாத ஒரு ஆகஸ்ட் எந்தக் கோட்பாட்டிலும் இருட்டாகத்தான் இருக்கும்.

பிற்பாடு வென்றது வாரனின் வழிதான், அதுவும் இன்னும் இறுக்கமாக. 1973-இல் ரஸ்ஸல் வழக்கு. மெத்தம்ஃபெட்டமைன் தயாரிக்கக் கிடைப்பதற்கு அரிதான ஒரு ரசாயனத்தை ரகசிய அதிகாரியே கொண்டுவந்து கொடுத்தார். அப்படியும் தண்டனை செல்லும் என்றது நீதிமன்றம். ஐந்துக்கு நான்கு. 1976-இல் ஹாம்ப்டன் வழக்கு. ஹெராயினைக் கொடுத்தவர் அரசின் இன்ஃபார்மர், வாங்கியவர்கள் அரசின் ஏஜென்ட்டுகள், நான் நடுவில் நின்றவன் மட்டும்தான் என்பது ஹாம்ப்டனின் வாதம். அவர் சொல்வது அப்படியே உண்மையாக இருந்தாலும், விற்கத் தயாராக இருந்தவருக்கு இந்த வாதம் உதவாது என்று முடிந்தது. அரசு ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கலாம், நடுவில் நிற்பவரின் மனசு சரியில்லை என்று மட்டும் காட்டினால் போதும். 1992-இல் ஜேக்கப்சன் வழக்கில்தான் கொஞ்சம் ஆகஸ்ட் பக்கம் திரும்பினார்கள். அது போதை வழக்கு அல்ல. ஆனால் அரசின் கை படுவதற்கு முன்பே அந்த நாட்டம் இருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றார்கள்.

ஷெர்மனுக்கு 1958-இல் நியாயம் கிடைத்தது. குற்றப்பத்திரிகை தள்ளுபடியானது. ஆனால் தீர்ப்பிலேயே வாரன் போகிறபோக்கில் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். கல்சினியனின் தூண்டலால் ஷெர்மன் சரக்கு தேடிப் போனது மட்டுமல்ல, பழக்கத்துக்கே திரும்பிவிட்டதாகவும் தெரிகிறது என்று. விட வேண்டும் என்று டாக்டரிடம் போன மனிதரை மறுபடி உள்ளே தள்ளியது, போதையை ஒழிப்பதற்கென்றே இருந்த ஒரு துறையின் ஆள். இதை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் வழி இல்லை.

அதனால் இப்போதெல்லாம் கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று எங்கே படித்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அவர் விற்றாரா என்பது அல்ல. அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். முதலில் யார் யாரைத் தேடிப் போனார், எத்தனை தடவை கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்றுதான் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. ஷெர்மன் வழக்கில் இவற்றுக்குப் பதில் கிடைத்தது. அது கிடைத்தது கல்சினியன் உண்மையைச் சொன்னதால் மட்டுமே.